ஆன் மரி ஜவுஹே அம்மையாரும் நோயாளர் வாழ்வும்

நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்துரைத்தார் திருவள்ளுவர். நான்காமவனுக்கு அவர் இட்ட பெயர் உழைச்செல்வான் என்பது. உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே செல்பவன் ஆதலின் அப்பெயர் பெற்றான். அவனுக்கு வேண்டுவன யாவை என உரைகண்ட பரிமேலழகர், நோயாளியிடத்து அன்பும், மனமொழி மெய்களின் தூய்மையும், சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் ஆற்றலும், அறிவும் என எண்ணிக் காட்டினார். அன்பை முதலில் வைத்தமை நோக்கத்தக்கது.

நிற்க, இந்நான்காமவன் செய்யும் பணிக்கு முடிவான பயன் யாது? நோய் தீர்தலே பயன் எனின், தீராத நோயுடையான் படுக்கையருகே அவனுக்கு வேலையே இல்லையாதல் வேண்டும். உலக நடையோ அவ்வாறன்று. மருத்துவன் கைவிட்டபின்னரும் செவிலி கைவிடுவதில்லை. அங்ஙனமாயின் அவள் பேணுவது உடம்பை மட்டுமன்று. அவ்வுடம்பைக் கொண்டு அம்மனிதன் வாழும் வாழ்வையே அவள் பேணுகின்றாள். உயிரோடிருத்தல் வேறு, நன்கு வாழ்தல் வேறு என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் பிரித்துரைத்தார். இன்பத்தையும் துன்பத்தையும் நிறுத்துப் பார்த்து வாழ்வின் தரத்தை அளக்கலாம் என்றார் இங்கிலாந்தின் பெந்தாம். மனிதனுக்கு மதிப்பு உண்டேயன்றி விலை இல்லை, ஆதலின் அவனைப் பிறிதொன்றற்குக் கருவியாக்கலாகாது என்றார் ஜெர்மனியின் காண்ட். இம்மூவர் கருத்தும் இன்றைய செவிலியர் கல்வியில் வாழ்க்கைத்தரம் என்னும் தலைப்பின்கீழ் ஆராயப்படுகின்றன. உடல், மனம், சமூகம் என்னும் மூன்றும் நலமுற்றிருத்தலே உடல்நலம், நோயின்மை மட்டும் போதாது என்று உலக சுகாதார நிறுவனம் 1948ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தன் அமைப்புச் சட்டத்தில் வரையறுத்தது. இக்கொள்கைகள் ஏட்டில் ஏறுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, உழவர் குடியிற் பிறந்த ஒரு பெண்மணி இவற்றைத் தம் கைப்பணியால் கண்டு கொண்டார். அவர் வரலாறே ஈண்டு உரைக்கப்படுவது.

அவர் பிரான்சு தேசத்தவர். நம் நாட்டு மண்ணை மிதித்தவர் அல்லர். ஆயினும் அவர் வரலாறு காரைக்காலார்க்கு அயலாருடையதன்று. அரசலாறு கடலொடு கலக்கும் அச்சிறு நகர் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிடையே ஆங்கிலேயர் கைக்குச் சென்று மீண்டதாயினும், 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை அது பிரெஞ்சு ஆட்சியின் கீழேயே இருந்தது. சுற்றிலும் தஞ்சை ஜில்லா. நடுவே ஒரு தீவு போல வேறு கொடி, வேறு சட்டம், வேறு நாணயம். அத்துறையினின்று புறப்பட்ட கப்பல்கள் பூர்பன் தீவுக்கும், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கும், தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயானாவுக்கும் சென்றன. அக்கப்பல்களில் ஏறிச் சென்ற நம்மவர்க்கும் இவ்வம்மையார் வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு இறுதியில் விளங்கும்.

ஆன் மரி ஜவுஹே 1779ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள், பிரான்சின் பர்கண்டி மாகாணத்தில் ழலாஞ்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் பால்தசார் வசதியுள்ள உழவர். பின்னர்க் குடும்பம் ஷாம்பிளான் என்னும் அடுத்த ஊரிற் குடியேறியது. வீட்டில் அவரை நானெத் என்று செல்லப்பெயரிட்டு அழைத்தனர். அவருக்குப் பத்து வயதாகுமுன் பிரெஞ்சுப் புரட்சி மூண்டது. குருமார் வேட்டையாடப்பட்ட காலத்தில், இச்சிறுமி அவர்களை ஒளித்து வைத்தும், வழிகாட்டி அழைத்துச் சென்றும், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடஞ் சொல்லியும் வந்தாள். அஞ்சாமையும் பொறுப்பும் அந்நாளிலேயே அவருடம்பில் ஊறிவிட்டன எனல் மிகையாகாது. 1798ஆம் ஆண்டு, பத்தொன்பதாம் வயதில், தம் வாழ்வை இறைபணிக்கு ஒப்புக்கொடுத்தார். தந்தையார்க்கு அது எளிதில் உவப்பாயிருக்கவில்லை. ஆயினும் பிற்காலத்தில் மகளின் சபைக்குப் பொருளும் கட்டடமும் தேடிக்கொடுத்தவர் அவரே.

1800ஆம் ஆண்டு பெசான்சோன் நகரில் ஒரு கன்னியர் மடத்திற் சேர்ந்திருந்தபோது, பல நிறத்துப் பிள்ளைகள் தம்மைச் சூழ்ந்து நிற்பதாக ஒரு காட்சி கண்டார் என்பர். கிராமத்தை விட்டு அதிகம் வெளிச்சென்றறியாத அப்பெண்ணுக்கு அந்நிறங்கள் எங்கிருந்து தோன்றின என்பதை ஆராய நாம் முற்படவேண்டா. காட்சி கண்டது உண்மையோ அன்றோ, அதன்படி வாழ்ந்தது உண்மை. அம்மடத்தை விட்டு நீங்கிச் சில ஆண்டுகள் அலைந்தபின், 1807ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஷாலோன் நகரில், தம் உடன்பிறந்த மூவரையும் மற்றும் ஐவரையும் சேர்த்து ஒன்பதின்மராகத் துறவாடை பூண்டார். சூசையப்பர் பெயரால் அச்சபை அமைந்தது. 1812இல் குளூனி என்னும் ஊரில் நிலையான இல்லங் கிடைத்தமையால் குளூனி சூசையப்பர் சபை என்று வழங்கலாயிற்று.

பாரிசு நகரில் அவர் தொடங்கிய பள்ளி நமக்கு ஒரு வியப்பைத் தருவது. மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையை அவர் அங்கே கையாண்டார். லங்காஸ்டர் முறை என இங்கிலாந்திற் பெயர்பெற்ற அம்முறையை, அவர்க்கு முன்னரே சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகள் அநாதைச்சாலையை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பார் வகுத்து, 1797ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டிருந்தார். மணலில் விரலால் எழுதிக் கற்கும் நம் திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளைக் கண்டே அவர்க்கு அவ்வெண்ணம் பிறந்தது. இங்ஙனம் நம் திண்ணையின் வழக்கம் ஒன்று கடல் கடந்து பாரிசில் ஜவுஹே அம்மையார் கைக்குச் சென்று சேர்ந்தது. புதுமுறையைக் குறைகூறிய குருமார் பலர், அவர் பொருட்படுத்தவில்லை.

அப்பள்ளியின் சிறப்பைக் கண்ட பூர்பன் தீவின் நிர்வாகத் தலைவர் தெபாசேன் தெ ரிஷ்மோன் தம் தீவுக்குக் கன்னியரை வேண்டினார். 1817ஆம் ஆண்டு முதற் கன்னியர் இந்துமாக்கடல் வந்தனர். இன்று ரெயூனியன் எனப்படுவது அத்தீவே. ரிஷ்மோன் குடும்பத்தினர் அங்கே பலநூறு அடிமைகளை உடைய பெருநிலக்கிழார் என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அடிமைகளால் வாழ்ந்தோரே கன்னியரை அழைத்தனர். அழைக்கப்பட்ட சபையின் தலைவியோ பின்னாளில் அடிமைகளை விடுவித்தார். அக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொருவரே 1826 முதல் 1828 வரை புதுச்சேரியில் ஆளுநராக இருந்தார். பொதுநூல் நிலையம் முதலியன அவர் காலத்தில் அங்கே தோன்றின. 1827ஆம் ஆண்டு குளூனிக் கன்னியரும் புதுச்சேரி வந்திறங்கினர். பிரெஞ்சு இந்தியாவுக்கு அச்சபை வந்த வரலாறு இது.

இனி நம் பொருளுக்கு வருவோம். அம்மையார் நோயாளர் பணியின் உண்மையைக் கற்றது ஆப்பிரிக்காவில். 1819ஆம் ஆண்டு செனெகாலிலுள்ள சென் லூயி நகரின் மருத்துவச்சாலைப் பணிக்கு அவர் தங்கை ரொசாலி தலைமையிற் சில கன்னியர் சென்றனர். அவர்கள் கண்ட சாலை மிகச் சீர்கெட்டிருந்தது. வெப்பமும் காய்ச்சலும் கன்னியரையே படுக்கையில் வீழ்த்தின. ஊக்கம் இழந்து திரும்பிவிடலாம் என்னும் நிலை உண்டானபோது, 1822ஆம் ஆண்டு அம்மையார் தாமே புறப்பட்டு வந்தார். வந்தவர் மருத்துவச்சாலையோடு நின்றாரில்லை. ஆற்றங்கரையில் பண்ணை ஒன்று அமைக்கவும் முயன்றார். நோயாளிக்கு மருந்து கொடுக்க வந்தவர்க்குப் பண்ணை எதற்கு என்று அக்காலத்தார் நகைத்திருக்கலாம். உணவும் உழைப்பும் தன்மானமும் இல்லாத மக்கட்கு மருத்துவச்சாலை ஒரு சத்திரமே. அங்கே தங்கிப் போவார்களேயன்றி நலம் பெற மாட்டார்கள் என்பதை அவர் கண்டிருந்தார்.

ஆங்கிலேய ஆளுநர் மக்கார்த்தி அழைக்க, அங்கிருந்து காம்பியாவுக்கும், பின்னர் சியெரா லியோனிலுள்ள பிரீடவுன் நகருக்கும் சென்றார். அடிமைக் கப்பல்களினின்று மீட்கப்பட்டோரை ஆங்கிலேயர் குடியேற்றிய ஊர் அது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் கொன்று முடித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால், அவ்வழைப்பின் அருமை தோன்றும். அம்மையார் சென்றபோது மஞ்சட் காய்ச்சல் பரவியது. அக்காய்ச்சல் கொசுவினாற் பரவுவது என்பது 1900ஆம் ஆண்டளவிலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அந்நாளில் அதற்கு மருந்தும் இல்லை, காரணமும் தெரியாது. அறியாத நோயின் முன் அஞ்சாமல் நிற்பதொன்றே அன்று உழைச்செல்வார்க்கு இயன்ற தொண்டு. நீர் கொடுத்தல், துடைத்தல், புரட்டிப் படுக்கவைத்தல், இருட்டில் தனியே விடாமை: இவையே அன்றைய சிகிச்சை. அம்மையாரும் நோயுற்று உயிர்பிழைத்து 1824இல் பிரான்சு திரும்பினார்.

ஆப்பிரிக்கரிடத்து அவர் கொண்ட மதிப்பு அக்கால ஐரோப்பியரிடம் அரிது. அவர்கள் கல்விக்குத் தகுதியற்றவர் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. ஆப்பிரிக்கச் சிறுவரைப் பிரான்சுக்கு வருவித்துக் கற்பித்தார். அவர்களுள் மூவர் 1840ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றனர். அவருள் ஒருவராகிய தாவீது புவாலா செனெகால் நாட்டைப்பற்றி நூல் எழுதிப் புகழ்பெற்றார். அப்பிள்ளைகளுட் பலர் பிரான்சின் குளிரைத் தாங்காமல் மாண்டனர் என்பதும் உண்மை. நன்மை செய்ய எண்ணியோர் ஒருவனை அவன் மண்ணினின்றும் பெயர்த்தெடுக்கும்போது அவன் வாழ்வே வாடிப்போகலாம் என்னும் பாடம் அதில் உள்ளது. மானாவில் அவர் பின்னர்ச் செய்தவற்றைப் பார்க்கும்போது, அப்பாடத்தை அவர் கற்றார் என்றே எமக்குத் தோன்றுகின்றது.

மானா என்பது பிரெஞ்சு கயானாவில் ஓர் ஆற்றின் பெயர். அதன் கரையிலமைந்த ஊருக்கும் அதுவே பெயர். காடும் சேறும் மழையும் நிறைந்த அவ்விடத்தே வெள்ளையரைக் குடியேற்ற அரசினர் முன்னரே முயன்று தோற்றிருந்தனர். அவ்வேலையை 1828ஆம் ஆண்டு இவ்வம்மையாரிடம் ஒப்புவித்தனர். 36 கன்னியரும், தச்சர் கொல்லர் உழவர் முதலிய குடியேறிகளும் உடன் வர, அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் அங்கே இறங்கினார். காடு திருத்தினர், வீடு கட்டினர், பயிரிட்டனர். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் ஆண்மக்களிற் பெரும்பாலோர் விலகிச் சென்றனர். கன்னியர் நின்றனர்.

அப்போதுதான் தொழுநோயாளரைப் பற்றிய வினா எழுந்தது. கயானாவின் கரைக்கப்பால் இரட்சணியத் தீவுகள் என்னும் பெயருடைய மூன்று சிறு தீவுகள் உண்டு. பெயர்தான் இரட்சணியம். பின்னாளில் கைதிகளின் நரகமாகி, நிரபராதியாகிய திரைஃபுஸ் என்னும் படைவீரர் 1895 முதல் 1899 வரை அடைபட்டுக் கிடந்ததும் அத்தீவுக் கூட்டத்திலேயே. அதற்கும் முன்னர் அங்கே தொழுநோயாளர் தள்ளப்பட்டிருந்தனர். ஊராரின் அச்சம் நீங்குவதே அத்தீவின் பயன். அங்கே கிடப்போரின் வாழ்வைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அம்மையார் கேட்டார். 1833ஆம் ஆண்டு அவர்கள் அத்தீவினின்றும் எடுக்கப்பட்டு, மானாவுக்கு அணித்தாகிய அக்கருவானி ஆற்றங்கரையிற் குடியமர்த்தப்பட்டனர். கன்னியர் அவர்கட்குப் பணிவிடை செய்தனர்.

இச்செயலைச் சற்று நின்று நோக்குவோம். 1833ஆம் ஆண்டில் தொழுநோய்க்கு மருந்தில்லை. அதன் கிருமியை நார்வே நாட்டு ஹான்சன் கண்டது 1873இல். சல்போன் என்னும் மருந்து பயன்பட்டது 1941 முதல். பல மருந்துகளைக் கூட்டி நோயை அறவே நீக்கும் முறையை உலகெங்கும் கையாளத் தொடங்கியது 1980க்குப் பின்னர். ஆகவே அக்கருவானிக்குச் சென்றவர் ஒருவரும் நோய் நீங்கப்பெறும் நம்பிக்கையால் அங்கே செல்லவில்லை. தீவிலிருந்தபோது இருந்த நோயே ஆற்றங்கரையிலும் இருந்தது. மாறியது நோயன்று, நோயாளியைச் சூழ்ந்த உலகம். கடல் சூழ்ந்த பாறைக்குப் பதிலாக மண். தனிமைக்குப் பதிலாக அண்டைவீடு. தூரத்திலிருந்து எறியப்படும் உணவுக்குப் பதிலாகக் கையால் இடும் உணவு. புண்ணைக் கழுவித் துணி கட்டும் கை, அப்புண்ணை ஆற்றாவிடினும், அவனை மனிதன் என்று ஒப்புக்கொள்ளுகின்றது. வாழ்க்கைத்தரம் என இன்று அறிஞர் பல வினாக்களை நிரல்படுத்தி அளக்க முயலும் பொருள் இதுவே. உணர்விழந்த விரல்கள் எத்துணைத் திண்மையாய்ப் பற்றுகின்றன என்பதை அளக்கக் கருவி உண்டு. தன்னை ஒருவர் தொட்டார் என்னும் நினைவு ஒருவனுக்கு எத்துணை நாள் நிற்கும் என்பதை அளக்கக் கருவி இல்லை.

தமிழ் படித்தோர்க்கு இங்கே மணிமேகலை நினைவுக்கு வருதல் இயல்பு. காரைக்காலுக்கு வடக்கே அதே கடற்கரையிலமைந்த புகார் நகரில், குருடரும் செவிடரும் முடவரும் பிணியாளரும் கூடிய அம்பலத்தில் நின்று அவள் அமுதசுரபி ஏந்தினாள். பின்னர் அரசனிடம் வரம் வேண்டுகையில் பொன்னோ மாளிகையோ வேண்டினாளில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கவேண்டும் என்றாள். தண்டனைக்காகக் கட்டிய சுவரை அறத்திற்காக வைத்துக்கொண்டவள் அவள். ஜவுஹே அம்மையார் மணிமேகலையை அறிந்தவரல்லர். ஆயினும் அவர்க்கு அடுத்து வாய்த்த வேலை அதனோடு பெரிதும் ஒத்தது.

1831ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசினர் அடிமை வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் ஒன்று இயற்றினர். கள்ளத்தனமாகக் கொணர்ந்த கப்பல்களிற் பிடிபட்ட ஆப்பிரிக்கர் சட்டப்படி அடிமைகள் அல்லர்; ஆயினும் ஏழாண்டு அரசினர்க்கு உழைத்த பின்னரே முழு உரிமை பெறுவர். இத்தகையோர் ஏறத்தாழ 500 பேர் கயானாவில் இருந்தனர். அடிமைகளும் அல்லர், உரிமையுடையோரும் அல்லர் என்னும் இரண்டுங்கெட்ட நிலை. இவர்களை உரிமை வாழ்வுக்கு ஆயத்தம் செய்யும் பொறுப்பை 1835ஆம் ஆண்டு அரசினர் அம்மையாரிடம் விட்டனர். கவிஞரும் அரசியலாளருமான லாமார்த்தீன் முதலியோர் அவருக்குத் துணைநின்றனர். மீண்டும் கடல் கடந்து மானா சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தாறு.

கயானாவின் தோட்டக்காரர் கொதித்தனர். விடுதலை பெற்றோர் ஊர் ஒன்று நன்கு நடக்குமாயின், தம் அடிமைகள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பரோ? அம்மையாரை ஆற்றில் கவிழ்த்துக் கொல்லும்படி ஒரு படகோட்டிக்குப் பொருள் கொடுத்தனர் என்றும், அவன் அதனைச் செய்ய மனம் வராமல் விட்டுவிட்டான் என்றும் அவர் வரலாறு கூறுவோர் உரைப்பர். மானாவிலோ வேலை நடந்துகொண்டிருந்தது. குடும்பமாக வாழ இல்லம், இல்லத்தைச் சுற்றிப் பயிரிட நிலம், பிள்ளைகட்குப் பள்ளி, பிணியுற்றோர்க்கு மருத்துவச்சாலை. கப்பலின் அடித்தட்டிற் கட்டுண்டு கிடந்து, உற்றாரைப் பிரிந்து, மொழியும் பெயரும் இழந்து வந்தவர் அம்மக்கள். அவர்கட்கு உற்ற நோய்க்கு மருத்துவ நூலிற் பெயரில்லை. வீடும் குடும்பமும் வேலையும் அண்டை அயலும் கிடைத்தலே அதற்கு மருந்து. 1838ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அவர்களுள் 185 பேர் முழு உரிமை பெற்றனர். பிரான்சின் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை அறவே ஒழிந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து, 1848ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்த ஆணையினால்.

அம்மையாரிடம் குறையே இல்லை என்று சொல்லுதல் வரலாறு எழுதுவோர்க்கு அழகன்று. அடிமைகட்கு உடனே உரிமை வழங்குவதை விட, படிப்படியாகப் பழக்கி வழங்குதலே நன்று என்று அவர் எண்ணினார். மானாவில் அவர் தாயாகவும் இருந்தார், தலைவியாகவும் இருந்தார். இரண்டும் ஒருவரிடமே அமையும்போது, பிள்ளை எப்போது வளர்ந்துவிட்டான் என்று முடிவு செய்பவரும் அவரேயாகின்றார். செவிலியர் பணியிலும் இவ்விடர் உண்டு. நோயாளிக்கு நல்லது எது என்பதை அவனைக் கேளாமலே தீர்மானித்துவிடும் அன்பு, அவன் வாழ்வைத் தன் வாழ்வாக எண்ணிக்கொள்கின்றது. ஒருவன் தனக்கு வலிமையும் அறிவும் இருந்தால் தானே செய்துகொள்ளக்கூடியவற்றைச் செய்ய உதவி, கூடிய விரைவில் பிறர் உதவி வேண்டாத நிலைக்கு அவனைக் கொணர்தலே செவிலியின் தொழில் என்று அமெரிக்க நாட்டு வர்ஜீனியா ஹெண்டர்சன் அம்மையார் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வகுத்துரைத்தார். அவ்வளவுகோலை வைத்து அளந்தால், ஜவுஹே அம்மையார் மானாவில் அமைத்தது பெரும்பாலும் நேரிது எனலாம். முழுவதும் நேரிது என எம்மால் சொல்ல இயலவில்லை. நிலத்தையும் இல்லத்தையும் அம்மக்கள் கையிலேயே ஒப்புவித்தமை அவர் பக்கத்து வலிய சான்று.

வெளியாரினும் சொந்தத் திருச்சபையாரால் அவர் பட்ட துன்பமே பெரிது. சபையின் தலைமை தமக்கே உரியது என்று ஓத்தேன் நகர் ஆயர் வாதாடினார். அம்மையார் இணங்கவில்லை. அதன் விளைவாகக் கயானாவில் அவர்க்கு நற்கருணை மறுக்கப்பட்டது. கோயிலில் தம் கன்னியர் எழுந்து செல்ல, தாம் மட்டும் இருக்கையில் அமர்ந்திருக்கவேண்டிய நிலை ஏறத்தாழ ஈராண்டு நீடித்தது. தொழுநோயாளர் தீவில் இருந்தபோது பட்ட துயரம் யாது என்பதை அந்நாளில் அவர் நன்கறிந்திருப்பார். ஒதுக்கப்படுதலின் நோவு ஒதுக்கப்பட்டவர்க்கே தெரியும். அப்போதும் அவர் மருத்துவச்சாலைப் பணியையோ பள்ளிப் பணியையோ நிறுத்தவில்லை. 1843ஆம் ஆண்டு மானா மக்கள் கண்ணீருடன் விடை கொடுக்க, பிரான்சு திரும்பினார்.

1848ஆம் ஆண்டு பாரிசில் மீண்டும் புரட்சி. வீதிகளிற் கல்லும் மரமும் குவித்துத் தடையமைத்துப் போரிட்ட தொழிலாளர், இம்முதியவரை அறிந்து வழிவிட்டனர். அவ்வாண்டு குடியேற்ற நாட்டார்க்கும் வாக்குரிமை வந்தபோது, மானா மக்கள் தம் பிரதிநிதியாக அனுப்ப விரும்பியது அம்மையாரையே. பெண்கள் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று அவர்கட்கு விளக்கவேண்டியதாயிற்று. பிரான்சில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல். ஆதலின் மானாவின் மக்கள் தொண்ணூறு ஆண்டுக்குமேல் முந்திக்கொண்டனர்.

1851ஆம் ஆண்டு ஜூலை மாதம் அம்மையார் பாரிசில் நோயுற்றுக் கிடந்தபோது, தம்மை வருத்திய ஆயர் இறந்த செய்தி வந்தது. அவர் ஆன்மாவுக்காகச் செபிக்கும்படி கன்னியரைக் கேட்டுக்கொண்டார். அடுத்த சில நாட்களில், ஜூலை 15ஆம் நாள், தாமும் உயிர்நீத்தார். அப்போது அவர்க்கு வயது எழுபத்தொன்று. 1950ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் பாப்பரசர் அவர்க்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தார்.

காரைக்கால் கப்பல்களைப் பற்றி முன்னர்ச் சொன்னோம். 1848இல் அடிமைமுறை ஒழிந்ததும் பிரெஞ்சுத் தோட்டக்காரர் கூலியாட்களைத் தேடினர். 1853 முதல் மார்த்தினிக் தீவுக்கும், 1854 முதல் குவாதலூப் தீவுக்கும், 1856 முதல் கயானாவுக்கும் நம்மவர் அழைத்துச் செல்லப்பட்டனர். 1861ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசினர்க்கும் ஆங்கிலேய அரசினர்க்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தால் ஆங்கிலேய இந்தியாவிலிருந்தும் ஆள் சேர்க்க வழி பிறந்தது. காவிரி கடைமடையின் உழவர்களும் சேரி மக்களும், பஞ்சத்துக்கு அஞ்சியோ கடனுக்கு அஞ்சியோ, கூலி ஏஜெண்டின் பேச்சை நம்பியோ, காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பல் ஏறினர். கயானாவுக்கு மட்டும் இருபது ஆண்டுகளுக்குள் 8,000க்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களும் காலவரையறையுள்ள ஒப்பந்தத்தால் கட்டுண்டவர். அவர்களும் அடிமைகள் அல்லர் என்று சட்டம் சொல்லியது. அம்மையார் மானாவில் கண்ட அதே இரண்டுங்கெட்ட நிலை, அவர் இறந்து ஐந்தாண்டு கழியுமுன், அதே நாட்டில் தமிழர்க்கு வாய்த்தது.

கப்பலிலும் தோட்டத்திலும் மருத்துவ ஏற்பாடு இருக்கவேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதியே இருந்தது. ஏட்டளவில் நோக்கின் அக்கூலிகளின் உடம்பு பேணப்பட்டதாகவே தோன்றும். வீடு, சொந்த நிலம், பேசுமொழி அறிந்த அண்டை, ஊர் திரும்பும் உறுதி, தம்மைப் பெயரிட்டு அழைக்க ஒருவர் என்னும் இவை ஒப்பந்தத்தில் இல்லை. காட்டிலே பொன் கிடைத்தபின் பலர் பொன்வயல்களுக்கு ஓட்டப்பட்டனர். காய்ச்சலால் பெருந்தொகையினர் மாண்டனர். சாவு மிக்கதால் ஆங்கிலேய அரசினர் தலையிட்டுக் கயானாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தினர். 1877ஆம் ஆண்டோடு அக்கப்பற் பயணம் முடிவுற்றது. மற்றத் தீவுகளுக்குச் சென்ற கப்பல்களும் 1880க்குப் பின் பத்தாண்டுக்குள் ஒவ்வொன்றாக நின்றன.

காரைக்காலில் உள்ள மாதா கோயிலில் தேற்றரவு அன்னை என்று வணங்குகின்றனர். துயருற்றாரைத் தேற்றுதல் என்பது அச்சொல்லின் பொருள். கப்பல் ஏறுமுன் அக்கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றியோரும், அருகிருக்கும் சிவன்கோயிலில் கற்பூரம் கொளுத்தியோரும், நாகூர் தர்காவுக்கு நேர்ந்துகொண்டோரும் அவர்களுள் இருந்திருப்பர். அவர்களிற் கயானா சேர்ந்தோர் நோயுற்ற நாளில், அக்கருவானி ஆற்றங்கரையில் அம்மையார் ஏற்படுத்திய தொழுநோயாளர் குடியிருப்பு இன்னும் நடந்துகொண்டிருந்தது.